தொடையில் குண்டுச் சில்லு இருக்கிறது, பதக்கம்தான் இல்லை: பர்ப்பிள் ஹார்ட் மேல்முறையீடு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் செயின்ட் பீட்டர் என்ற ஊர்க்காரர் ஒருவருக்கு 2024-ல், 96 வயதில், எதிரியால் காயம் பட்ட வீரர்களுக்குத் தருகிற பர்ப்பிள் ஹார்ட் பதக்கத்தைக் கொடுக்க அமெரிக்கத் தரைப்படை ஒப்புக்கொண்டது. அவருக்குக் காயம் பட்டது கொரியப் போரில், 1951 ஜூன் மாதம். 73 வருடம்! மார்ட்டர் குண்டின் சில்லு இன்றும் அவர் தொடைக்குள் இருக்கிறது. அப்படியிருந்தும் அதற்கு முன் அவருக்கு வந்தது "சான்று போதாது" என்ற பதில்தான். இதைப் படித்துவிட்டு எல்லோரும் கேட்கிற கேள்விகளை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். தரைப்படையின் நடைமுறையைத்தான் பெரும்பாலும் சொல்கிறேன். கடற்படைக்கும் விமானப்படைக்கும் அலுவலகங்கள் வேறு, ஆனால் போகிற பாதை ஏறக்குறைய இதேதான்.

பர்ப்பிள் ஹார்ட் வீரத்துக்குக் கொடுக்கும் பதக்கமா?

இல்லை. இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் புரிந்துவிடும். வீரப் பதக்கம் என்றால் மேலதிகாரி பரிந்துரைக்க வேண்டும், குழு கூடி "இவர் செய்தது அந்த அளவுக்குப் பெரிய காரியமா" என்று எடை போட வேண்டும். பர்ப்பிள் ஹார்ட்டில் அந்த எடை போடுதல் கிடையாது. எதிரியின் செயலால் காயம் பட்டதா, சிகிச்சை தேவைப்பட்டதா, அது பதிவானதா, இவ்வளவுதான் கேள்வி. மூன்றுக்கும் ஆம் என்றால் பதக்கம் அவருடைய உரிமை, யாருடைய தயவும் வேண்டாம். பதுங்குகுழியில் தூங்கிக்கொண்டிருந்தவர் மேல் சில்லு பாய்ந்தாலும் உண்டு.

நம்மிடம் விழுப்புண், புறப்புண் என்று இரண்டு சொல் இருக்கிறது. முதுகில் பட்ட புண்ணுக்கு நாணி வடக்கிருந்து உயிரைவிட்ட சேர அரசன் கதையும் இருக்கிறது. அமெரிக்கக்காரர்களுக்கு அந்தப் பேதம் இல்லை. மார்பா முதுகா என்று விதியில் எங்கேயும் கேட்கவில்லை, மருத்துவச் சீட்டு எங்கே என்றுதான் கேட்கிறார்கள்.

இதை யார் தொடங்கியது?

1782 ஆகஸ்ட் 7 அன்று நியூயார்க் மாநிலத்தின் நியூபர்க்கில் இருந்த ஜார்ஜ் வாஷிங்டன், சாதாரணச் சிப்பாய்களுக்கென்று ஊதா நிறத் துணியில் இதய வடிவப் பட்டை ஒன்றை ஏற்படுத்தினார். வாங்கியவர்கள் என்று உறுதியாகத் தெரிவது மூன்றே பேர். அப்புறம் ஒன்றரை நூற்றாண்டு எல்லோரும் அதை மறந்துவிட்டார்கள். வாஷிங்டனின் 200-வது பிறந்தநாளான 1932 பிப்ரவரி 22 அன்று, தரைப்படைத் தலைமைத் தளபதியாக இருந்த டக்ளஸ் மெக்கார்தர் அதைப் பதக்கமாக உயிர்ப்பித்தார். முதல் எண்ணுள்ள பதக்கம் அவருக்கே போனது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1932-ல் முதல் உலகப் போர்க் காயத்துக்காக இதை வாங்க நினைத்தவர்கள் எல்லோரும் தாங்களே எழுதிக் கேட்டுத்தான் வாங்கினார்கள். மனுப் போட்டு வாங்குவது இந்தப் பதக்கத்தோடு கூடவே பிறந்தது. அதனால் "பதக்கம் கேட்டு வாங்குவதா, கேவலம்" என்று கூச்சப்படுகிற கிழவர்களிடம் இந்தக் கதையைச் சொல்லலாம்.

எந்தக் காயம் கணக்கில் வரும், எது வராது?

எதிரியின் குண்டு, தோட்டா, சில்லு, கண்ணிவெடி, எதிரி பயன்படுத்திய ரசாயனம் எல்லாம் வரும். காயத்தின் அளவு பெரிதா சிறிதா என்று பார்ப்பதில்லை, ஆனால் மருத்துவரின் சிகிச்சை தேவைப்பட்ட காயமாக இருக்க வேண்டும். 2004 அதிபர் தேர்தலில் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் ஜான் கெர்ரி மாட்டிக்கொண்டது இங்கேதான். வியட்நாமில் அவர் வாங்கிய மூன்று பர்ப்பிள் ஹார்ட்டும் சின்னக் கீறல்களுக்கு என்று எதிரணியினர் கேலி செய்தார்கள். குடியரசுக் கட்சி மாநாட்டுக்குச் சிலர் ஊதா இதயம் வரைந்த பேண்ட்-எய்டு ஒட்டிக்கொண்டே வந்தார்கள். கீறலா வெட்டா என்று விதி பிரிக்காதபோது அந்தக் கேலி அவரை மட்டுமா தொட்டது? அதே பதக்கம் வைத்திருந்த மற்ற எல்லோரையும் சேர்த்துத்தான் தொட்டது.

வராதவை: பனியில் கால் விரல் கருகிப்போவது, வெயிலில் மயங்கி விழுவது, காய்ச்சல், கெட்டுப்போன சாப்பாடு, எதிரிக்குச் சம்பந்தமில்லாத வண்டி விபத்து, பாராசூட்டில் குதித்துக் கால் முறிவது. கொரியாவில் சோசின் நீர்த்தேக்கப் பக்கம் 1950 குளிர்காலத்தில் நடந்த சண்டையில் உறைபனியில் விரலை இழந்தவர்கள் ஏராளம். எதிரி சுற்றி வளைத்ததால்தானே அந்தக் குளிரில் கிடந்தோம் என்று அவர்கள் கேட்டால் நம்மிடம் என்ன பதில் இருக்கிறது? இன்றைய விதியிடம் பதில் இருக்கிறது, கிடையாது என்பதுதான் அது. எனக்கு இது நியாயமாகப் படவில்லை.

சொந்தப் படையே தவறுதலாகச் சுட்டுவிட்டால்?

எதிரியோடு சண்டை நடக்கும்போது அப்படி நேர்ந்தால் உண்டு. 1993-ல் வந்த சட்டம் இதைத் தெளிவாக்கியது, இரண்டாம் உலகப் போர் வரை பின்தேதியிட்டும் செல்லும். காயம் பட்டவரே வேண்டுமென்றே செய்த தவறால் வந்த காயம் என்றால் கிடையாது.

வெளியே ரத்தமே வரவில்லை, குண்டு அதிர்ச்சியில் மூளைதான் கலங்கியது. அதற்கு?

உண்டு, ஆனால் மேல்முறையீடுகள் அதிகம் மாட்டிக்கொள்வதும் இங்கேதான். 2011-ல் தரைப்படை விதியைத் தெளிவாக எழுதியது. வெடி அதிர்வால் நினைவு தப்பியிருக்க வேண்டும், இல்லையென்றால் தலைவலி, தள்ளாட்டம், மறதி மாதிரியான அறிகுறிகளால் 48 மணி நேரத்துக்கு மேல் முழு வேலைக்கு லாயக்கில்லாமல் இருந்திருக்க வேண்டும். அதுவும் பதிவில் இருக்க வேண்டும். 2001 செப்டம்பர் 11 வரை பின்னோக்கிப் போய்க் கேட்கலாம்.

2020 ஜனவரி 8 அன்று ஈராக்கின் அல் அசாத் தளத்தின் மேல் ஈரான் ஏவுகணைகளை வீசியது. யாரும் சாகவில்லை. முதலில் காயம்கூட இல்லை என்றார்கள். பிறகு எண்ணிக்கை ஏறிக்கொண்டே போய் நூறு பேருக்கு மேல் மூளை அதிர்ச்சிக் காயம் என்று வந்து நின்றது. அப்போதைய அதிபர் டிரம்ப் அதைத் "தலைவலி" என்று ஒதுக்கிப் பேசினார். முதலில் 29 பேருக்குப் பதக்கம் கிடைத்தது. விட்டுப்போனவர்களின் கதையைத் தொலைக்காட்சிச் செய்தியாளர்கள் வெளியே கொண்டுவந்த பிறகு, 2021 டிசம்பரில் இன்னும் 39 பேருக்கு ஒப்புதல் வந்தது. அதே தளம், அதே ராத்திரி, அதே ஏவுகணைகள்! மாறியது கோப்பை மறுபடி திறந்து பார்த்தது மட்டும்தான்.

போரால் வந்த மனநோய்க்கு?

கிடையாது. பிடிஎஸ்டி என்று சொல்கிற போர்க்கால மன அழுத்தக் கோளாறு பர்ப்பிள் ஹார்ட்டுக்குள் வராது என்று பென்டகன் 2009-ல் முடிவு செய்தது. இன்றுவரை அதுதான் நிலை. அதற்காக இழப்பீட்டுப் படி தனியாகக் கேட்கலாம், பதக்கம் கேட்டால் நேரம்தான் வீண்.

தகுதி இருந்தும் ஏன் இத்தனை பேருக்குக் கிடைக்காமல் போகிறது?

சண்டை நடக்கிற இடத்தில் யாரும் எழுதிக்கொண்டிருப்பதில்லை. அந்த மினசோட்டாக்காரர் விஷயத்தையே பாருங்கள். காயம் பட்டபோது மருத்துவமனைக்குத் தூக்கிப்போகிற அளவுக்கு இல்லை, களத்திலேயே மெடிக், அதாவது படையோடு போகிற மருத்துவ உதவியாளர், கட்டுப் போட்டுவிட்டார். அந்த மெடிக் காகிதத்தை எழுதி முடிப்பதற்குள் இறந்திருக்க வேண்டும் என்று அவர் நம்புகிறார். பிறகு வேறொரு காரணத்துக்காக ராணுவ நடமாடும் மருத்துவமனைக்குப் போனபோது டெட்டனஸ் ஊசி போட்ட குறிப்பு இருக்கிறது, அது எதற்காகப் போடப்பட்டது என்ற வரி இல்லை. அந்த ஒரு வரி எழுதப்பட்டிருந்தால் இந்தப் பக்கத்துக்கே வேலை இருந்திருக்காது.

இன்னொரு காரணம் வீரர்களே. பக்கத்தில் நண்பன் செத்துக் கிடக்கும்போது "எனக்கும் லேசாகப் பட்டிருக்கிறது, எழுதிக்கொள்ளுங்கள்" என்று எவன் போய் நிற்பான்? வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். ஐம்பது வருடம் கழித்துப் பேரப்பிள்ளை "தாத்தா, காலில் இது என்ன தழும்பு" என்று கேட்கும்போதுதான் கதை வெளியே வருகிறது.

பழைய கோப்பெல்லாம் எரிந்துவிட்டதாமே, உண்மையா?

உண்மைதான். 1973 ஜூலை 12 அன்று செயின்ட் லூயிஸ் அருகே இருந்த தேசியப் பணியாளர் ஆவண மையத்தில் தீப்பிடித்து 1 கோடியே 60 லட்சம் முதல் 1 கோடியே 80 லட்சம் வரையிலான கோப்புகள் போய்விட்டன. 1912 நவம்பருக்கும் 1960 ஜனவரி 1-க்கும் இடையில் விடுவிக்கப்பட்ட தரைப்படையினரின் கோப்புகளில் ஏறக்குறைய 80 சதவீதம் அதில் அழிந்தன. நகலும் கிடையாது, மைக்ரோஃபிலிமும் கிடையாது. இரண்டு உலகப் போரும் கொரியாவும் அந்தக் காலத்துக்குள்தான் வருகின்றன.

எரிந்துவிட்டது என்று பதில் வந்தால் அத்தோடு விட்டுவிடக் கூடாது. பாதி கருகிய கோப்புகளை இன்றும் பிரித்துப் பார்த்துத் தருகிறார்கள். அலகின் (படைப்பிரிவின்) காலை அறிக்கை என்று ஒன்று உண்டு, யார் வந்தார், யார் போனார், யார் காயம் பட்டு மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார் என்று நாள்தோறும் எழுதியது, அது வேறு தொகுப்பு. இரண்டாம் உலகப் போருக்கும் கொரியப் போருக்கும் தலைமை மருத்துவ அலுவலகம் புள்ளிவிவரத்துக்காகச் சேர்த்த மருத்துவமனைச் சேர்க்கைத் தகவல்களும் தனியாகக் கிடைத்து, இப்போது இந்த மாதிரி மனுக்களுக்கு உதவுகின்றன. பெயர் இருக்காது, ராணுவ எண் இருக்கும், அதை வைத்துத் தேட வேண்டும்.

அப்புறம் வீட்டுப் பரண். அம்மாவுக்கு வந்த தந்தி, மருத்துவமனைப் படுக்கையிலிருந்து எழுதிய கடிதம், உள்ளூர்ப் பத்திரிகையில் "நம் ஊர்ப் பையன் காயம்" என்று வந்த துண்டு, கட்டுப்போட்ட கையோடு எடுத்த புகைப்படம். அந்தக் காலத்திலேயே எழுதப்பட்டது என்பதால் இவற்றுக்கு இன்று எழுதி வாங்குகிற கடிதத்தைவிட மதிப்பு அதிகம்.

எங்கே, எப்படி விண்ணப்பிப்பது?

இன்னும் பணியில் இருப்பவர் என்றால் தன் அலகு வழியாகப் போக வேண்டும். ஓய்வு பெற்றவர் முதலில் எஸ்எஃப் 180 படிவம் போட்டுத் தன் ஆவணங்களை வாங்க வேண்டும். டிடி 214 என்ற விடுவிப்புச் சான்று இல்லாமல் எதுவும் நகராது. பிறகு கென்டக்கியில் ஃபோர்ட் நாக்ஸில் இருக்கும் தரைப்படை மனிதவளக் கட்டளையகத்தின் பதக்கப் பிரிவுக்கு மனு. அங்கே மறுத்தால்தான் அடுத்த படி, டிடி 149 படிவத்தில் தரைப்படை ஆவணத் திருத்த வாரியத்துக்குப் போவது. இந்த வரிசையைத் தாண்டி நேரே வாரியத்துக்குப் போனால் "முதலில் அங்கே கேட்டீர்களா" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

வாரியத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் சிவிலியன்கள், குறைந்தது மூன்று பேர். பெரும்பாலும் நேரில் கூப்பிடுவதில்லை, காகிதத்தைப் பார்த்தே முடிவு. பத்து மாதத்துக்குள் பத்தில் ஒன்பது மனுக்களை முடிக்க வேண்டும், எதுவும் பதினெட்டு மாதத்தைத் தாண்டக் கூடாது என்று சட்டம் சொல்கிறது.

ஒன்றைக் கவனியுங்கள். பழைய ஆவணம் சரியாகத்தான் எழுதப்பட்டிருக்கும் என்ற அனுமானத்தோடுதான் வாரியம் தொடங்குகிறது. அது தவறு என்று காட்டுகிற பொறுப்பு மனுதாரருடையது. சந்தேகத்தின் பலன் நமக்கு வரும் என்று நினைத்துக்கொண்டு போகக் கூடாது.

சாட்சிக் கடிதம் எப்படி இருக்க வேண்டும்?

"இவர் நல்லவர், நேர்மையானவர், பொய் சொல்ல மாட்டார்" என்று பத்துப் பேர் எழுதினாலும் பயன் இல்லை. கண்ணால் பார்த்த ஒருவர், எந்த நாள், எந்த இடம், என்ன வெடித்தது, எங்கே ரத்தம் வந்தது, யார் கட்டுப் போட்டார் என்று சத்தியம் செய்து எழுத வேண்டும். ஒருவரைவிட இருவர் நல்லது. இரண்டு கடிதமும் ஒரே வாசகத்தில் இருந்தால் படிக்கிறவருக்குச் சந்தேகம் வரும், அவரவர் நினைவில் இருப்பதை அவரவர் வார்த்தையில் எழுதட்டும். சிகிச்சை கொடுத்த மருத்துவரோ மெடிக்கோ உயிரோடு இருந்து எழுதினால் அதைவிட வேறென்ன வேண்டும். கொரியப் போர் வீரர்களின் வயதில் இப்படி ஒரு சாட்சியைக் கண்டுபிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று நான் சொல்லத் தேவையில்லை.

முன்னாள் படைவீரர் துறை என் காயத்தைப் போர்க் காயம் என்று ஒப்புக்கொண்டு மாதாமாதம் பணமே தருகிறது. அது போதாதா?

போதாது. எல்லோரும் ஏமாறுகிற இடம் இது. அந்தத் துறையின் கேள்வி, இந்த உடல்நலக் குறை பணிக்காலத்தோடு தொடர்புடையதா என்பது. அங்கே சந்தேகத்தின் பலன் வீரருக்குத்தான். பதக்கத்துக்கான கேள்வி, எதிரியால் பட்டதா, அப்போதே மருத்துவ அலுவலர் பார்த்தாரா என்பது. மினசோட்டாக்காரருக்கும் 2005-ல் அங்கத்திய முன்னாள் படைவீரர் மருத்துவமனை மருத்துவர் ஒருவர், கால் காயம் போரில் பட்டதாகத்தான் இருக்க வேண்டும் என்று ஒப்புக்கொண்டார். அந்தக் கருத்துக்குப் பிறகும் பதக்கம் வர 19 வருடம் ஆனது. ஆனாலும் அந்தத் தாளை இணைக்காமல் விடாதீர்கள், மற்ற சான்றுகளோடு சேர்ந்தால் அதற்கும் ஒரு கனம் உண்டு.

காலக்கெடு உண்டா?

பதக்கத்துக்கு இல்லை. வாரியத்துக்குப் போவதற்குத்தான், தவறு தெரிய வந்து மூன்று வருடத்துக்குள் என்று சட்டம் சொல்கிறது. நியாயம் கருதி அதைத் தள்ளுபடி செய்யவும் வாரியத்துக்கு அதிகாரம் உண்டு. தாமதத்துக்கான காரணத்தைப் படிவத்திலேயே எழுதிவிடுங்கள்.

வாரியமும் மறுத்துவிட்டது. அவ்வளவுதானா?

இல்லை. முன்பு காட்டாத புதுச் சான்று கிடைத்தால் மறுபரிசீலனை கேட்கலாம். அதே தாள்களை இன்னும் கோபமான கடிதத்தோடு அனுப்பினால் அதே பதில்தான் வரும். மறுப்புக் கடிதத்தை மெதுவாகப் படியுங்கள், எது இல்லை என்று அதிலேயே எழுதியிருப்பார்கள், அதை மட்டும் தேடுங்கள். அடுத்தது கூட்டாட்சி நீதிமன்றம். நீதிபதி பதக்கத்தைத் தூக்கிக் கொடுக்க மாட்டார், வாரியம் சான்றுகளை ஒழுங்காகப் பார்த்ததா என்று மட்டும் பார்த்து, இல்லையென்றால் திரும்பப் பார்க்கச் சொல்லுவார். செலவும் அதிகம்.

நம் மினசோட்டாக்காரர் இந்த எல்லாக் கதவையும் தட்டியிருக்கிறார். வாரியம் 2023 ஏப்ரலில் இறுதி மறுப்பு என்று சொன்னது. செப்டம்பரில் வழக்குப் போட்டார். அதோடு செனட்டர் ஏமி குளோபுஷர் அலுவலகம் தேசிய ஆவணக் காப்பகத்திலிருந்து தாள்களைத் தேடி எடுத்துக் கொடுத்தது, தரைப்படையின் மூத்த சார்ஜென்ட் மேஜர் அலுவலகம் வரை விஷயத்தைக் கொண்டுபோனது. அப்புறம்தான் கதவு திறந்தது. சிபாரிசா என்று முகம் சுளிக்க வேண்டாம், தொகுதிப் பிரதிநிதியின் அலுவலகத்தில் இதற்கென்றே ஆள் வைத்திருக்கிறார்கள். ஒருவருக்குச் செனட்டர் கிடைத்தார் சரி, கிடைக்காத மற்றவர்கள் என்ன செய்வார்கள் என்ற கேள்வி மட்டும் எனக்குள் அப்படியே இருக்கிறது.

விதியே மாறி, பிறகு கிடைத்தவர்கள் உண்டா?

உண்டு. 2009 நவம்பர் 5 அன்று டெக்சஸ் ஃபோர்ட் ஹூட் முகாமுக்குள் ராணுவ மருத்துவர் ஒருவரே சுட்டதில் 13 பேர் இறந்தார்கள், முப்பது பேருக்கு மேல் காயம். சுட்டவர் வெளிநாட்டு எதிரி இல்லை என்பதால் அப்போது பதக்கம் கிடையாது என்றார்கள். வெளிநாட்டுப் பயங்கரவாத அமைப்பின் தூண்டுதலில் நடக்கும் தாக்குதலும் கணக்கில் வரும் என்று நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்திய பிறகு, 2015 ஏப்ரலில் கொடுத்தார்கள். ஒருமுறை மறுத்துவிட்டார்களே என்று கோப்பைத் தூக்கிப் போட்டுவிடாமல் வைத்திருப்பதற்கு இது ஒரு காரணம்.

பதக்கத்தோடு பணம் வருமா?

நேரடியாக ஒரு டாலர்கூட வராது. முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் முன்னுரிமை உண்டு, அங்கே சிகிச்சைக்குக் கையிலிருந்து கட்டுகிற பங்குத்தொகை இல்லை. 2001 செப்டம்பர் 11-க்குப் பின் வாங்கியவர்களுக்குக் கல்வி உதவி முழுமையாகக் கிடைக்கும், 2018 ஆகஸ்ட் முதல் இது நடைமுறையில் இருக்கிறது. ஆர்லிங்டன் கல்லறையில் அடக்கம் செய்யும் தகுதியும் வரும். பொய் சொல்லிப் பதக்கம் வைத்திருப்பதாக ஆதாயம் தேடினால் 2013 சட்டப்படி குற்றம்.

வீரர் இறந்துவிட்டார். குடும்பம் கேட்கலாமா?

கேட்கலாம். நெருங்கிய உறவினர் என்று காட்டும் தாளும் இறப்புச் சான்றும் வேண்டும். மற்ற சான்று விதிகள் எல்லாம் அப்படியே.

இந்தியாவில் இது மாதிரி உண்டா?

உண்டு, எதிரியின் நேரடித் தாக்குதலில் காயம் பட்டவர்களுக்குப் பராக்ரம் பதக். அதன் நடைமுறை முற்றிலும் வேறு, மேலே சொன்ன படிவ எண்கள் எதுவும் அங்கே பொருந்தாது.

என் மகன் இப்போது அமெரிக்கப் படையில் இருக்கிறான். இன்றைக்கே செய்ய வேண்டியது ஏதாவது?

சின்ன அடியாக இருந்தாலும் மருத்துவ முகாமுக்குப் போய்ப் பதிவு செய்துகொள்ளச் சொல்லுங்கள். குண்டு வெடித்த இடத்தில் இருந்தோம், தலை சுற்றியது என்று அன்றைக்கே சொல்லட்டும், அது எதிரியின் குண்டு என்ற வரியும் அந்தத் தாளில் இருக்கிறதா என்று பார்க்கட்டும். தாளைக் கைப்பேசியில் படம் எடுத்து, ராணுவத்துக்கு வெளியே இருக்கிற ஏதாவதொரு மின்னஞ்சலுக்கு அனுப்பிவைக்கட்டும். கூட இருந்த இரண்டு பேருடைய முழுப் பெயரும் சொந்த ஊரும் அதோடு சேர்ந்தே இருக்கட்டும்.